முடங்கிய உடலும் முடங்காத மூட்டும்: மருத்துவர் மேரி வர்கீஸ் வாழ்வும் பணியும்

வாழ்க்கை வரலாறு தமிழ் உரைநடையில் செழித்து வளர்ந்த இலக்கிய வகைகளுள் ஒன்று. அரசர், புலவர், இறைநேசர், விடுதலை வீரர் எனப் பலதிறத்தார் வரலாறுகளை நம் மாணவர்கள் பாடநூல்களில் பயில்கின்றனர். மருத்துவர்தம் வரலாறுகளோ அருகியே காணப்படுகின்றன. அவற்றுள்ளும், தாமே நோயாளியாகிப் பின்னர் அந்நோய்க்கே மருத்துவராக விளங்கியோர் வரலாறு மிக அரிது. வேலூரில் பணியாற்றி 1986ஆம் ஆண்டில் மறைந்த மருத்துவர் மேரி வர்கீஸ் அத்தகைய அரிய வரலாற்றுக்கு உரியவர் ஆவார்.

அவர்தம் வரலாற்றை நம் வட்டாரத்தார் அறிய வேண்டிய தேவை ஒன்று உண்டு. எம்.ரெட்டியபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. பனையேறியும் புளி உலுக்கியும், கிணறு வெட்டியும் தூர் வாரியும், வெளியூர்களில் சாரத்தின்மீது நின்று கட்டட வேலை பார்த்தும் வாழ்வோர் இங்குப் பலர். கால் இடறும் ஒரு நொடியில் முதுகெலும்பு முறிந்து, வீட்டைத் தாங்கியவர் கட்டிலில் விழுவது இத்தகைய ஊர்கள் அறிந்த துயரம். உயிர் பிழைத்து ஊர் திரும்பியவரின் முழங்கால்கள் சில மாதங்களில் மடங்கியபடியே இறுகிவிடுகின்றன. பின்னர் சக்கர நாற்காலி கிடைத்தாலும் அதில் அவர் செம்மையாக அமர இயலுவதில்லை. முதல் இழப்பு விபத்தால் நேர்ந்தது. இரண்டாம் இழப்பு கவனிப்பின்மையால் நேர்வது. அவ்விரண்டாம் இழப்பைத் தடுக்கும் கல்வியைத் தென்னிந்தியாவில் நிலைநாட்டியோருள் முன்னிற்பவர் மேரி வர்கீஸ்.

பிறப்பும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டில் கொச்சியை அடுத்த செறாயி என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். சங்கப் பாடல்கள் போற்றும் முசிறித் துறைமுகம் இருந்ததாகக் கருதப்படும் கொடுங்கல்லூர்ப் பகுதிக்கு அண்மையில் அமைந்த ஊர் அது. சிரியன் கிறித்தவ மரபில் வந்த அவர்தம் குடும்பம் வசதியும் செல்வாக்கும் உடையது. கொச்சி நாட்டில் கல்லூரிக் கல்வி பயின்ற அவர், மருத்துவம் கற்கும் விருப்புடன் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை வந்தடைந்தார்.

அக்கல்லூரியின் வரலாறும் ஒரு பெண்மணியின் உறுதியால் எழுந்ததே. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத மகளிர் பேற்றுக் காலத்தில் உயிரிழந்த அக்கால நிலையே அவரை அப்பணிக்கு ஈர்த்தது. அம்மகளிருள் இசுலாமியரும் இந்துக்களும் இருந்தனர். 1918இல் அங்குப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது; 1942இல் அது கல்லூரியாக உயர்ந்தது; 1947 முதல் ஆடவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இச்சூழலில் பயின்ற மேரி, மகளிர் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்று அத்துறையிலேயே பணியாற்ற வேண்டும் என்னும் எண்ணம் கொண்டிருந்தார்.

வாழ்வைத் திருப்பிய விபத்து

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஊர்தி ஒன்றில் உலாச் சென்றனர். மேரியும் அவர்களுள் ஒருவர். வழியில் அவ்வூர்தி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழ்ந்த காயம் ஏற்பட்டது. அத்தழும்பு அவர்தம் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிட்டது. அதனினும் கொடியது தண்டுவடத்தில் ஏற்பட்ட காயம். இரு கால்களும் இயக்கத்தையும் உணர்வையும் ஒருங்கே இழந்தன. அப்போது அவருக்கு முப்பது அகவைகூட நிறையவில்லை.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் நரம்புக் கற்றை. அது நசுங்கினால், காயத்துக்குக் கீழுள்ள தசைகளுக்கு மூளையின் ஆணை சென்றடையாது. அங்குள்ள தோலின் வலியும் மூளையை எட்டாது. எனவே படுக்கையில் ஓரிடம் அழுந்திப் புண்ணாவதை நோயாளி உணரார். சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றின் கட்டுப்பாடும் கெடும். பண்டைய எகிப்திய மருத்துவ ஏடு ஒன்று, கழுத்தெலும்பு பிசகிக் கைகால் உணர்விழந்தாரை மருத்துவம் செய்ய இயலாதார் வரிசையில் வைத்தது. அம்முடிவு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பெரிதும் மாறாது நின்றது.

மாற்றம் இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்தது. நாசிகளின் கொடுமையிலிருந்து தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டுகொண்டிருந்த வீரர்களை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தும், மூட்டுகளை அசைத்தும், விளையாட்டில் ஈடுபடுத்தியும் அவர் மீட்டார். 1948இல் அவர் நடத்திய போட்டிகளே பின்னர்ப் பாராலிம்பிக் விளையாட்டுகளாக வளர்ந்தன.

மேரி விபத்துக்குள்ளான 1954இல் இப்புதிய அறிவு இந்தியாவில் வேரூன்றவில்லை. வேலூரில் 1949 முதல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி நடத்திவந்த நரம்பியல் பிரிவு இருந்தது. உயிர் காக்கும் திறன் அங்கு இருந்தது. ஆயின், உயிர் காத்த பின்னர் அவ்வுயிர் எவ்வாறு வாழ்வது என்பதைக் கற்பிக்கும் துறை இல்லை. நீண்ட நாள் படுக்கையில் கிடந்த மேரி, மருத்துவர் என்னும் முறையில் அக்குறையை அறிந்தவர்; நோயாளி என்னும் முறையில் அதனை நாளும் உணர்ந்தவர்.

அமர்ந்தபடி அறுவை செய்தல்

மேரியின் வாழ்வில் அடுத்த திருப்பத்துக்குக் காரணமானவர் எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்த இவ்வாங்கிலேயர், 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் சதை அழுகி உதிர்கின்றன என்னும் அக்கால நம்பிக்கையை அவர் ஆராய்ந்து மறுத்தார். நரம்பு செயலிழப்பதால் விரல்கள் கொக்கிபோல் மடங்குகின்றன. வலி உணர்வு இல்லாமையால் காயத்தின்மேல் காயம் பட்டு விரல்கள் தேய்கின்றன என்பது அவர்தம் முடிவு. செயலுள்ள தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரலை நிமிர்த்தும் அறுவை முறையை அவர் வளர்த்தார். நோய் தணிந்தோர் கைத்தொழில் கற்று வாழ நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பும் வேலூரில் உருவாயிற்று.

கையறுவை நின்றுதான் செய்ய வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நாற்காலியில் அமர்ந்தும் செய்யலாம். மேரியின் கைகளோ முழு வலிமையுடன் இருந்தன. இதனைக் கண்ட பிராண்ட், தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவைப் பணிக்கு அவரை அழைத்தார். சக்கர நாற்காலியில் அறுவை அரங்கினுள் நுழைந்த மேரி, பயின்று தேர்ந்து, பலருடைய மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். நடக்க இயலாத மருத்துவர், பிடிக்க இயலாத கைகளுக்குப் பிடிப்பை மீட்டுத் தந்தார். தம்மைக் காட்டிலும் நலிந்த ஒருவருக்குத் தம் கை உதவுகின்றது என்னும் உணர்வே அவரை மீண்டும் வாழ்வில் நிறுத்தியது எனலாம்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தொழுநோய்க்கும் தண்டுவடக் காயத்துக்கும் காரணம் வேறு. ஆயினும் இரண்டிலும் மூட்டுக்கு நேரும் தீங்கு ஒத்தது. தசையின் வலிமை சமன் குலைய, வலிமையுள்ள பக்கம் மூட்டு இழுபடுகிறது. இழுபட்ட நிலையிலேயே நாள்கள் கழிந்தால், தசை குறுகி, மூட்டைச் சூழ்ந்த உறை தடித்து, எலும்பு அங்கேயே நின்றுவிடுகிறது. இவ்வாறு இறுகிய விரலில் தசைநாணை மாற்றித் தைத்தும் பயனில்லை. ஆதலால், வேலூரில் அறுவைக்கு முன்னரே எண்ணெய் தடவியும், உருகிய மெழுகில் தோய்த்தும், பயிற்சி தந்தும், மாவுக்கட்டால் சிறிது சிறிதாக நிமிர்த்தியும் விரல்களை இளக்கினர். வாரந்தோறும் சிறிதளவு நிமிர்த்திப் புதுக்கட்டு இடுவது அம்முறை. மூட்டு இளக்கமாக இருந்தால்தான் பிற மருத்துவம் எதுவும் பலிக்கும் என்னும் பாடத்தை மேரி அவ்வரங்கிலேயே கற்றார்.

பெர்த் முதல் நியூயார்க் வரை

பிறருக்கு அறுவை செய்தபோதும் மேரி தம் அன்றாடத் தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்திருந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பிரிவு சிறந்து விளங்குவதை அறிந்து அங்குச் சென்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், தம் உடலைத் தாமே பேணுதல், பிறர் உதவியின்றி வாழ்தல் ஆகியவற்றை அங்குக் கற்றார். மருத்துவம் படித்தவர், உட்காரவும் எழவும் மீண்டும் கற்க நேர்ந்ததை இழிவாகக் கருதவில்லை. தாம் பெற்ற இப்பயிற்சி இந்தியாவில் எவருக்கும் எளிதில் கிட்டாதது என்னும் எண்ணம் அவரிடம் வலுப்பெற்றது.

அதன் பின்னர் அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் உயர்பயிற்சி பெற்றார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குப் பணியாற்றிய ரஸ்க், உயிர் காப்பதும் நோய் தடுப்பதும் மட்டும் மருத்துவம் ஆகாது, எஞ்சிய ஆற்றலைக் கொண்டு வாழக் கற்பிப்பதும் மருத்துவத்தின் கூறே என்னும் கொள்கையை நிலைநாட்டியவர். அங்கே பயின்ற மேரி, மறுவாழ்வு மருத்துவத்தில் தகுதி பெற்ற வல்லுநராய்த் தாயகம் திரும்பினார். வசதிகள் நிறைந்த அந்நாடுகளிலேயே அவர் தங்கியிருக்கலாம். சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் ஒன்றைக் காண்பதும் அரிதாக இருந்த நாட்டுக்கு அவர் திரும்பிவந்தது குறிப்பிடத்தக்கது.

அவர்தம் வாழ்வு அதற்குள்ளாகவே உலகின் கவனத்தை ஈர்த்திருந்தது. அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய அவர்தம் வரலாற்று நூல் 1963இல் வெளிவந்தது.

பாகாயத்தில் ஒரு புதுவாழ்வு இல்லம்

1963இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கு மேரி வர்கீஸ் தலைமை ஏற்றார். மூன்றாண்டுகளில், 1966இல், வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிறுவனம் எழுந்தது. இந்தியாவில் இவ்வகையில் தோன்றிய முன்னோடி நிறுவனங்களுள் அது ஒன்று. நடுவணரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

மருத்துவமனைக்கும் மறுவாழ்வு நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உணர்தல் வேண்டும். மருத்துவமனையில் நோயாளி மருத்துவத்தைப் பெறுகிறார். மறுவாழ்வு இல்லத்தில் அவர் வாழ்க்கையைப் பயில்கிறார். அங்கே மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், தொழில்வழி மருத்துவர், காலிப்பரும் தப்பையும் செய்யும் பட்டறைக் கலைஞர், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரு குழுவாக இயங்குகின்றனர். உடன் தங்கும் உறவினரும் அக்குழுவில் ஓர் உறுப்பினரே. புரட்டுதல், மூட்டை அசைத்தல், தோலைச் சோதித்தல் ஆகியவற்றை அவர் கற்றுச் சென்றால்தான் பாகாயத்தில் பெற்ற பயன் ஊரிலும் நிலைக்கும். திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என நான்காக வகுத்தார் என்பதை நாம் அறிவோம். அந்நான்காம் கூற்றின் அருமையை மறுவாழ்வு மருத்துவத்தைப் போல் மெய்ப்பிக்கும் துறை வேறில்லை.

மேரி வர்கீஸ் அவ்வில்லத்தின் தலைவராக மட்டும் அன்றி, அதன் முதற்பாடமாகவும் விளங்கினார். நம்பிக்கை இழந்து வந்தவரின் படுக்கையை நோக்கி வரும் மருத்துவர் தாமும் சக்கர நாற்காலியில் வருவதே அங்கு ஒரு மருந்தாயிற்று. அவர் பெயரால் தோன்றிய அறக்கட்டளை, உடல் ஊனமுற்றோரின் வாழ்வாதாரத்துக்கு உதவும் பணியை மேற்கொண்டது. 1986இல் அவர் மறைந்தார். விபத்துக்குப் பின் அவர் வாழ்ந்த முப்பத்திரண்டு ஆண்டுகள், விபத்துக்கு முன் வாழ்ந்த ஆண்டுகளைக் காட்டிலும் மிகுதி என்பது எண்ணத்தக்கது.

தப்பை என்னும் கருவி

எலும்பு முறிந்தால் மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் வழக்கம் நம் நாட்டு வைத்தியத்தில் தொன்மையானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அபுல் காசிம் அல் ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் மருத்துவப் பெருநூலில் முறிவுகளையும் கட்டுகளையும் விரித்துரைத்தார். இப்னு ஸீனா, முறிந்த உடனே இறுகக் கட்டாது, சில நாள் பொறுத்து வீக்கம் தணிந்த பின் தப்பை இடுதல் நன்று என வகுத்தார். கட்டும் பொருளைக் காட்டிலும் கட்டும் காலமும் அளவும் முதன்மையானவை என்பது அப்பேரறிஞரின் கருத்து.

தண்டுவடக் காயத்தில் இடப்படும் தப்பையின் நோக்கம் வேறு. முறிந்த எலும்பைக் கூட்டுவதற்காக அன்றி, முறியாத மூட்டை நல்ல நிலையில் நிறுத்துவதற்காக அது இடப்படுகிறது. முன்னர் மாவுக்கட்டு, தோல், அலுமினியம் ஆகியவற்றால் அதனைச் செய்தனர். பின்னர் வெந்நீரில் இளகி, கையின் வடிவத்துக்கு வளையும் பிளாஸ்டிக் தகடுகள் வந்தன. பாதம் கீழ்நோக்கித் தொங்கி இறுகாதவாறு கணுக்காலைச் செங்கோணத்தில் நிறுத்துவது ஒருவகை. கழுத்துத் தண்டுவடம் காயமுற்றோர்க்கு மணிக்கட்டைச் சற்றே மேல்நோக்கி உயர்த்தி, கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து விலக்கி நிறுத்துவது மற்றொரு வகை.

இவ்விரண்டாம் வகையில் ஓர் அரிய நுட்பம் அடங்கியுள்ளது. கழுத்தின் ஆறாம் நரம்பு மட்டம் வரை செயல் எஞ்சியோர்க்கு விரலை மடக்கும் ஆற்றல் இராது; மணிக்கட்டை உயர்த்தும் ஆற்றல் இருக்கும். மணிக்கட்டை உயர்த்தும்போது விரல் நாண்கள் தாமே இழுபட்டு விரல்கள் மடங்குகின்றன, தாழ்த்தும்போது விரிகின்றன. இவ்வியல்பைக் கொண்டே ஒருவர் கரண்டியைப் பிடிக்கலாம், எழுதுகோலை ஏந்தலாம். இதற்கு அந்நாண்கள் சிறிதளவு குறுகியிருப்பதே நன்மை. அன்பின் மிகுதியால் உறவினர் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நிமிர்த்தி நீட்டி விட்டால், அந்நாண்கள் நெகிழ்ந்து, எஞ்சிய பிடிப்பும் போய்விடும். எங்கே நிமிர்த்துவது, எங்கே மடங்க விடுவது என்பதை அறிந்து செய்வதே தப்பைக் கலை.

தப்பையால் தீங்கும் நேரலாம். உணர்வற்ற தோலில் தப்பையின் விளிம்பு அழுந்தினால் நோயாளிக்கு வலி தெரியாது; புண்தான் தெரியும். எனவே கழற்றும்போதெல்லாம் தோலைப் பார்த்தல் வேண்டும். அழுந்திய தடம் அரைமணி நேரத்துக்குள் மறையவில்லையாயின் தப்பையைத் திருத்த வேண்டும். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாதாதலின், சூட்டையும் தடிப்பையும் விரலால் தொட்டறிதல் நன்று.

இன்றைய ஆய்வு கூறுவது

அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. தப்பை மட்டும் மூட்டு இறுக்கத்தைத் தடுத்துவிடும் என்னும் நம்பிக்கையை அண்மைக் கால ஆய்வுகள் அசைத்துள்ளன. நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டோரின் கட்டைவிரலைப் பன்னிரண்டு வாரம் இரவுதோறும் தப்பையிட்டு நீட்டி வைத்தும் இறுக்கம் குறையவில்லை என 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், ஏழு மாதங்களுக்கு உட்பட்ட நீட்டல் மருத்துவத்தால், தப்பை உட்பட, மூட்டின் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க நன்மை விளையவில்லை என முடிவு செய்தது.

இதனைக் கண்டு தப்பையை எறிந்துவிடுதல் பொருந்தாது. அதுவே போதும் என அமைந்துவிடுதலும் பொருந்தாது. தப்பை பிடிப்புக்கு உதவும் கருவியாகவும், உறுப்பை நல்ல நிலையில் தாங்கும் துணையாகவும் தன் பணியைச் செய்கிறது. அது மனிதக் கவனிப்புக்கு ஈடாகாது என்பதே இவ்வாய்வுகளிலிருந்து நாம் கொள்ளத்தக்க பொருள். படுக்கும் நிலையை மாற்றுதல், அமரவைத்தல், தசை விறைப்புக்கு மருந்து தருதல், எஞ்சிய ஆற்றலை நாளும் பயன்படுத்துதல் ஆகியன யாவும் உடன் நிகழ வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கிய நெறி. கட்டுவதும் கடமை, கட்டியபின் கண்காணிப்பதும் கடமை. மேரி வர்கீஸ் தனிக் கருவி எதனையும் நம்பாது, பலர் கூடி இயங்கும் ஓர் இல்லத்தை உருவாக்கியதன் பெருமையை இன்றைய ஆய்வுகள் மேலும் விளக்குகின்றன.

நம் ஊரார் கடமை

விழுந்தவரைத் தோளிலும் காலிலும் பிடித்து மடக்கித் தூக்காது, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு, பலகையில் கிடத்தி எடுத்துச் செல்லுதல் முதற்கடமை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரின் முழங்காலுக்கு அடியில் எந்நேரமும் தலையணை வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அதுவே முழங்காலை மடங்கியபடி இறுகச் செய்யும். இயன்முறை மருத்துவர் காட்டியவாறு மூட்டுகளை நாள்தோறும் மெதுவாக அசைக்க வேண்டும். முறுக்கியும் இழுத்தும் வலிந்து நிமிர்த்துதல் கூடாது. இயக்கமின்றி மெலிந்த எலும்பு அதனால் முறியக்கூடும். நோயாளியோ அதனை உணரார்.

வேலூர் தொலைவு என எண்ணி வாளாவிருத்தல் வேண்டா. தென்காசி வட்டாரத்து ஆய்க்குடியில், 1975இல் கழுத்துத் தண்டுவடம் காயமுற்றுக் கைகால் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் மறுவாழ்வுப் பணியில் பெயர் பெற்றது. நடுவணரசு 2020இல் அவருக்கும் பத்மஸ்ரீ வழங்கியது. மேரி ஏற்றிய விளக்கைப் போன்ற விளக்குகள் தென்பாண்டிச் சீமையிலும் எரிகின்றன என்பதற்கு இஃது ஒரு சான்று.

நலிந்தாரைச் சென்று நலம் உசாவுதல் முசுலிம் ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யும் கடமைகளுள் ஒன்று. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என மார்க்கம் இடம் தந்துள்ளது. இறைவன் வாயில் திறந்திருக்க, நாம் கட்டிய கட்டடங்களின் வாயிற்படிகள் அவரைத் தடுத்தல் முறையோ? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுக் கட்டடங்களும் கல்விக்கூடங்களும் அவர்கள் தடையின்றி நுழையத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. பள்ளிவாசலின் ஒளூச் செய்யும் இடம், கல்லூரியின் நூலகம், தேர்வுக் கூடம், கழிப்பறை ஆகியவற்றுக்குச் சாய்தளம் அமைத்தல் பெருஞ்செலவு ஆகாது. சமுதாயப் பெரியோர்கள் இதனைத் தம் அறப்பணிகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

மாணவர்கள் செய்யத்தக்க பணியும் உண்டு. தம் தெருவில் கட்டிலோடு கிடக்கும் ஒருவர் உளரா என வினவி அறிந்து, அவரை ஒருமுறை மறுவாழ்வு மருத்துவரிடம் கொண்டு சேர்த்தல் அப்பணி. அறிவை உரியவரிடம் சேர்த்தலும் தருமமே.

கால்களின் இயக்கத்தை இழந்த பின்னும் மேரி வர்கீஸ் முப்பத்திரண்டு ஆண்டுகள் பயனுற வாழ்ந்தார். அவருக்குக் கிடைத்த அருகிருப்போரும் ஆசான்களும் இல்லையாயின் அவ்வறிவும் உறுதியும் வேலூர்க் கட்டில் ஒன்றிலேயே முடங்கியிருக்கக்கூடும். நம் வட்டாரத்துக் கட்டில்களிலும் அத்தகைய ஆற்றல்கள் காத்துக் கிடக்கலாம். அவற்றை எழுப்பும் நான்காம் கூற்றினராக நாம் அமைய எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.